பெரியவள் கேட்ட கூலி

"அக்கா, இன்னிக்கும் நான் முதல்ல காலியானா என் நாற்காலி போயிடும். ஏதாவது சொல்லிக் கொடுங்க."

மாடிக்கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டவள் அவளுடைய ஓரகத்தி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். கல்யாணமாகி வந்து நாலு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அந்த வீட்டில் போக்கர்தான். காசு கிடையாது. பெரியவளின் கணவர் தையல்கடை வைத்திருந்தார்; அங்கிருந்து வந்த சட்டைப் பொத்தான்கள்தான் பந்தயம், ஆளுக்கு நாற்பது. யாருக்கு முதலில் தீர்கிறதோ அவர் எழுந்துபோய் டீ போட வேண்டும். தொடர்ந்து ஆறு வாரம் அப்படித் தீர்ந்தால் நாற்காலியையே விட்டுவிட வேண்டும். சின்னவள் ஐந்து வாரம் டீ போட்டாயிற்று. நாற்காலிக்கு எதிர்வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"போனா போகட்டும்னு விட முடியலக்கா. இந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சிரிக்கறதே அந்த மேஜையிலதான். அப்புறம் நான் டம்ளர் கழுவற ஆளு மட்டும்தான்."

பெரியவள் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். அவளுக்குப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. பதினோரு வருஷமாக அந்த மேஜையில் அவளை யாரும் காலி செய்ததில்லை.

"கையில என்னடி காகிதம்?"

"எந்தச் சீட்டு எதைவிடப் பெருசுன்னு பட்டியல். மருந்துக்கடையில மாத்திரைப் பேரையே மனப்பாடம் பண்றவ நான். இது தலைகீழா ஒப்பிப்பேன்."

பெரியவள் அந்தக் காகிதத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"மடிச்சு உள்ள வை. அதுதான் உன்னைக் காட்டிக் கொடுக்குது. நல்ல சீட்டு வந்தா உன் உதடு ஒப்பிக்குது. எல்லாரும் சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடறாங்க."

சின்னவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுல டிக்கெட்டைப் பார்த்தா ஆளைப் பிடிக்கறேன்? மூஞ்சியப் பார்த்துத்தான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியா ஊரையே ரசிப்பான். இங்கயும் அதே கதைதான். என் வீட்டுக்காரருக்கு நல்ல சீட்டு வந்தா பேச்சு நின்னுடும். உன் வீட்டுக்காரர் கையில ஒண்ணுமில்லாம சும்மா மிரட்டறப்போ சாப்பாட்டைப் புகழ்வார்."

"என் சமையலை அவர் புகழ்ந்ததே இல்லையேக்கா."

"அதனாலதான் சொல்றேன்."

"நாத்தனாரு?"

"அவளை மட்டும் மிரட்டாதே. அடுத்தவ கையில என்னன்னு பார்க்காம அவளுக்குச் சோறு இறங்காது. எவ்வளவு ஏத்தினாலும் கூடவே போடுவா. அவ உள்ள இருந்தா நான் வெளிய. பத்துல ஏழு ஆட்டத்தைக் கவுத்துடு. போன பொத்தான் போனதுதான். அதைத் தேடிப் போனா மிச்சமும் அறுந்துடும்."

சின்னவள் எல்லாவற்றையும் மனதில் முடிந்துகொண்டாள்.

"ஜெயிச்சா எனக்கு ஒரு கூலி தரணும்" என்றாள் பெரியவள்.

"என்ன கூலி?"

"முதல்ல ஜெயி."

மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. சின்னவள் கவுத்தாள். மறுபடியும் கவுத்தாள்.

"சீட்டாட வந்தியா, துணி மடிக்க வந்தியா?" என்றாள் நாத்தனார்.

"இன்னும் நாலு மடிச்சுட்டு வரேன், அண்ணி."

கவுத்துக் கவுத்து, எதிரே இருந்த பெரியவளின் ஆட்டத்தைக் கவனிக்க அவளுக்கு நேரம் கிடைத்தது. என்ன ஆட்டம் அது. சீட்டை ஒரு தரம் பார்ப்பாள், தன் முன்னால் குப்புற வைத்துக்கொள்வாள். பிறகு அவள் கண் மனிதர்கள் மேல்தான். நாத்தனார் ஒதுங்கும்வரை பூனை மாதிரி இருப்பாள்; ஒதுங்கியதும் ஒரு கைப்பிடிப் பொத்தானை அமைதியாகத் தள்ளுவாள். மூன்று ஜாக்கை வைத்துக்கொண்டே அவள் கணவர் பயந்து கவுத்தார்.

"கட்டின புருஷன் எனக்கே இதுவரைக்கும் தெரியாது, இவ கையில என்ன இருந்துச்சுன்னு. ஒரு நாளாவது காட்டினதுண்டா?" என்று புலம்பினார்.

பெரியவள் தன் சீட்டைக் கட்டோடு கலந்துவிட்டாள்.

கவுத்தாலும் ஆட்டத்துக்கு ஒரு பொத்தான் போகும். கடைசியில் சின்னவளிடம் இருந்தது ஒன்பது. கையில் இரண்டு ஏழு. மற்ற மூன்றும் உதிரி. மூத்தவர்கள் மூவரும் ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் அவளும் அவள் கணவனும்.

அவன் தன்னிடமிருந்த ஒன்பது பொத்தானையும் மொத்தமாகத் தள்ளினான். தோற்றால் நாற்காலி போய்விடும். கவுக்கலாமா என்று அவள் விரல் சீட்டைத் தொட்டது.

"ஆனா ஒண்ணு, இன்னிக்கு உன் சாப்பாடு பிரமாதம்" என்றான் கணவன்.

அன்றைக்குச் சோறு அடிபிடித்திருந்தது. இரண்டு வாய்க்கு மேல் அவன் தொடவில்லை.

சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒன்பதையும் தள்ளினாள். "காட்டுங்க."

அவன் சீட்டில் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ராஜா ஒருவர் மட்டும் தனியாக நின்றார்.

"ரெண்டு ஏழுக்கா இவ்வளவு தைரியம்?" என்று நாத்தனார் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மேஜையே சிரித்தது. கணவன் எழுந்து உள்ளே போய், "சர்க்கரை எங்க இருக்கு?" என்று குரல் கொடுத்தான்.

"நாலு மாசமா அதே டப்பாவுலதான்" என்றாள் சின்னவள், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

எல்லோரும் போனபின் சமையலறையில் பெரியவளைப் பிடித்தாள். "தெய்வம்க்கா நீங்க. கூலி என்னன்னு சொல்லுங்க, எதுவானாலும் தரேன்."

பெரியவள் வாசல்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"காலையில வெச்சிருந்தியே, அந்தக் காகிதத்தை எடு" என்றாள் தாழ்ந்த குரலில். "மூணு ராணி பெருசா, ரெண்டு ஜோடி பெருசா? கேக்க வெக்கப்பட்டுட்டு, பதினோரு வருஷமா தெரியாமலேதான் ஜெயிச்சுட்டிருக்கேன்."