ஆறாவது பாடம்

மகளின் பைக்குள் அதைப் பார்த்ததும் டீச்சர் பதறிப்போனாள். சட்டென்று எழுந்து அறைக்கதவைத் தாழிட்டாள். மகள் குளித்துவிட்டு வருவதற்குள் முழுவதையும் பார்த்துவிட வேண்டும்.

வயசுப்பெண்ணின் பைக்குள் அம்மாவைப் பதறவைக்கும்படி என்ன இருக்கும் என்று யாரும் கண்டபடி கற்பனை செய்ய வேண்டாம். மறுநாள் பரீட்சை. ஹால் டிக்கெட் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவளின் கையில் அகப்பட்டது, பத்தாம் வகுப்புச் சரித்திரப் புத்தகம்தான்.

டீச்சர் தன் பள்ளியில் நடத்தும் புத்தகத்தின் அதே அட்டை, அதே படம். முதல் ஐந்து பாடங்களும் அதேதான். ஆறாவது பாடம்தான் 'விவசாயிகள் கிளர்ச்சி' இல்லை. 'துறைமுகங்களும் வாணிபமும்' என்று புத்தம் புதிதாக இருபது பக்கத்துக்கு ஓடியது.

டீச்சருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கிளர்ச்சிப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவாள். பாடத்திட்டம் மாறுகிறது என்று சுற்றறிக்கை வந்தபோது அவள் பள்ளிக்குப் புதுப்புத்தகம் வந்து சேரவில்லை. "எல்லாம் ஒண்ணுதான், பக்கம்தான் முன்னபின்ன இருக்கும்" என்று சொல்லி, போன வருஷப் பிள்ளைகளிடமிருந்து பழைய புத்தகங்களை வாங்கித் தன் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தவள் அவளேதான். பிறகு புதுசு வரவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

புதுத் திட்டத்தில் தேர்வுமுறையும் மாறியிருந்தது. கடைசிப் பாடமான ஆறாவதிலிருந்து ஒரு கட்டாயக் கேள்வி, முப்பது மார்க். அதில் பத்து மார்க்காவது எடுக்காவிட்டால் மொத்தப் பேப்பரும் ஃபெயில், அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத முடியும்.

டீச்சர் ஹெச்.எம்.முக்குப் போன் போட்டு, தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"மேடம், இப்பவே பிள்ளைங்களை எல்லாம் கூப்பிட்டு..."

"ஒரே நாள்ல இருபது பக்கமா? வாயே திறக்காதீங்க. இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா, தெரிஞ்ச அஞ்சு பாடத்தையும் சேர்த்து மறந்துடுவாங்க."

"ஒருவேளை கேள்வி பழைய பாடத்துல இருந்தே வந்துட்டா..."

"கேள்வி எடுக்கிறவங்க யாரு தெரியுமில்ல? முப்பது வருஷ சர்வீஸ் போட்டவங்க. அவங்களுமா உங்களை மாதிரி இருப்பாங்க?"

போன் வைக்கப்பட்டது. வெளியே மகள் கதவைத் தட்டினாள்.

"அம்மா, என் ரூமை எதுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டே?"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "சரித்திரம் எல்லாம் முடிச்சிட்டியா, கண்ணு?"

"ஆறாவது பாடம் தலைகீழா ஒப்பிப்பேன்மா. எங்க மிஸ் மூணு தடவை டெஸ்ட் வச்சாங்க. நீதான் ஒரு நாளும் என் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கலை."

உண்மைதான். இரண்டு டீச்சர் சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று டீச்சர் ஒதுங்கியே இருந்தாள். "உங்க ஸ்கூலை விட்டுட்டுப் பொண்ணை எதுக்கு அங்க சேர்த்தீங்க?" என்று கேட்டவர்களிடம், "நாங்க நடத்துற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கவும் செய்திருக்கிறாள். இவளாவது தப்பித்தாளே என்று இப்போது மனசு ஒரு நிமிஷம் ஆறியது. அப்படி ஆறியதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பள்ளிக்கும் ஒரே தேர்வு மையம். பிள்ளைகள் உள்ளே போன மூன்று மணி நேரமும் டீச்சர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றாள். நாளைக்கு நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வரும், என்ன பதில் சொல்வது? வேலை போனால்கூடப் பரவாயில்லை, அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது?

மணி அடித்தது. முதலில் வெளியே வந்தது அவள் வகுப்புத்தான். அவளைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் அவளை நோக்கி ஓடி வந்தது. டீச்சர் பின்வாங்கினாள். முதுகு சுவரில் முட்டியது.

"மிஸ்! அங்கேயே நில்லுங்க!" என்று கத்தியபடி எல்லோருக்கும் முன்னால் வந்தாள், வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த பெண்.

டீச்சர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "என்னை மன்னிச்சிடுங்க பிள்ளைங்களா, நான்..."

"கிளர்ச்சி மிஸ்! விவசாயிகள் கிளர்ச்சி! நீங்க போர்டுல எழுதிப்போட்ட எட்டு காரணத்தையும் அப்படியே கேட்டுட்டாங்க!"

டீச்சர் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். முப்பது மார்க் கேள்வி அதேதான். கேள்வி எடுத்த புண்ணியவானும் புதுப்புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. வாயாடியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு கடைசியாக மகள் வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அம்மாவின் முன்னால் வந்து நின்று, கசங்கிப்போன கேள்வித்தாளை நீட்டினாள்.

"என்னையும் உங்க ஸ்கூல்லயே சேர்த்திருக்கலாம்லம்மா."