கைகாட்டி ஊர்

"பாலம் எங்கேன்னு கேட்டா கல்லைக் காட்டறீங்களே ஐயா. கல்லு மேல ஏறி நின்னா அக்கரை வந்துடுமா?"

மாவு மில்லை நிறுத்திவிட்டு மில்லுக்காரம்மா கேட்ட கேள்வியில் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் குப்பென்று வியர்த்தது. வியர்வையின் மேல் மாவு படிய, பொரிப்பதற்குப் புரட்டி வைத்த மீன் போல நின்றார் மனிதர்.

அவருடைய தொகுதியின் வரலாறு பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட மனப்பாடம். இதுவரை ஒன்பது தேர்தல். ஒன்பதிலும் இந்த ஆற்றங்கரை ஊர் யாரைக் கைகாட்டியதோ அவர்தான் ஜெயித்தார். ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளி. ஒருமுறை சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராத பல் டாக்டர். ஊர் நினைத்தால் மண்ணாங்கட்டிக்கும் மகுடம்.

ஜெயித்தவர் ஒவ்வொருவரும் வந்து ஆற்றங்கரையில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவார். அதோடு சரி. அடுத்த தேர்தலில் ஊர் அவரைக் கவிழ்த்துவிடும். நாட்டிய கற்களை வரிசையாகப் படுக்கப் போட்டிருந்தாலே பாதி ஆற்றைத் தாண்டியிருக்கலாம். கடைசிக் கல்லில் இருந்தது இவர் பெயர்.

இந்த முறை தோற்றால் மேடையில் என்ன, மேடைக்கு அடியில்கூட இடம் கிடையாது என்று கட்சித் தலைமை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. எதிர்த்து நிற்கும் வக்கீலோ குதிகாலை மிதிக்கிற தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"வக்கீல் வந்தாராம்மா?"

"வராம இருப்பாரா? வந்தார், உக்காந்தார், ஜெயிச்சதும் முதல் வேலை பாலம்தான்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கரையில இன்னொரு கல்லுக்கு இடம் இருக்கு, பாத்துக்குங்கன்னேன்."

மாவுக்குக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உறுப்பினரோடு வந்திருந்த மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. லாரியும் மண் அள்ளும் இயந்திரமும் வைத்துத் தொழில் செய்பவர் அவர். பேச்சு எங்கே வந்து முட்டும் என்று தெரிந்து மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ஓட்டுப் போடற அன்னிக்குப் பாலம் நிக்கணும் ஐயா. அப்புறம் பாக்கலாம்ங்கிற பேச்சே வேண்டாம்."

"சர்க்கார் பணத்துல இப்ப ஒரு செங்கல் நகர்ந்தாலும் என்னைத் தேர்தல்லேருந்தே தூக்கிடுவாங்கம்மா."

"சர்க்காரை யார் கேட்டா? முன்னே இருந்த மரப்பாலம் சாஞ்சதே இவரு லாரி அடியில மணலைச் சுரண்டினதாலதான். சுரண்டினவரே கட்டித் தரட்டும். அப்பல்லாம் குறுக்கே வராத சட்டம் இப்ப மட்டும் வந்துடுமா?"

"அத்தான், என் வண்டியெல்லாம் பட்டறையில கிடக்குது," என்றார் மச்சான் அவசரமாக. அதே அவசரத்தோடு வாசலை எட்டிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், வக்கீல் கார் முக்குல திரும்புது."

கார்ச் சத்தம் நெருங்க நெருங்க, உறுப்பினருக்குத் தன் நாற்காலி தூரப் போவதாகத் தோன்றியது.

"சரிம்மா. கட்டித் தர்றேன்."

"அத்தான்!"

"நீ வாயை மூடு மச்சான். ஆனா எனக்கு ஒரு சத்தியம் வேணும்மா. இந்த ஊர்லேருந்து வக்கீலுக்கு ஒத்த ஓட்டு விழக்கூடாது."

பெண்களின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. மூட்டை சுமந்து வந்த மில்லுக்காரம்மாவின் மகன் அதை அப்படியே இறக்கி வைத்தான்.

"அம்மா, அது வந்து..."

"பெரியவங்க பேசறப்ப உனக்கென்னடா வேலை? இங்க வா."

அவன் தலையில் கையை வைத்தாள். மாவு படிந்த இமைகூட அசையவில்லை.

"எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். இவன் மேல சத்தியமா, எங்க ஊர்லேருந்து ஒரு ஓட்டுகூட வக்கீலுக்குப் போகாது. போதுமா ஐயா?"

பெற்ற பிள்ளை மேல் சத்தியம். இதற்கு மேல் என்ன வேண்டும்? வெளியே வந்த உறுப்பினர், காரிலிருந்து இறங்கிய வக்கீலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

மறுநாளே வேலை தொடங்கியது. இயந்திரங்கள் போட்ட சத்தத்தில் ஆற்று மீன்கள் குடும்பத்தோடு வேறு ஆற்றுக்குக் குடிபோயின. மச்சான் விட்ட பெருமூச்சிலேயே பாதி சிமெண்ட் காய்ந்தது. ஆனால் பாலம் எழுந்தது. ரயிலே போனாலும் அசையாத பாலம்.

வாக்குப்பதிவு நாள் வந்தது. இந்தப் பக்கம் சரிசமம், அந்தப் பக்கம் இழுபறி என்று ஊருக்கு ஊர் செய்தி வந்து உறுப்பினரின் உயிரை அரித்தது. மனசு கேளாமல் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார்.

அங்கே கண்ட காட்சியில் அவருக்குப் போன உயிர் திரும்பியது. மில்லுக்காரம்மா முன்னே நடக்க, ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அவரை வாயார வாழ்த்திவிட்டுப் பாலத்தில் ஏறினார்கள்.

"பாலம் எங்கேயும் ஓடிப்போகாதும்மா," என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார் அவர். "முதல்ல ஓட்டைப் போட்டுட்டு வந்து ஆற அமரச் சுத்திப் பாருங்க."

"ஓட்டுப் போடத்தான் ஐயா போறோம்," என்றாள் மில்லுக்காரம்மா. "போன வருஷம் தொகுதி எல்லையை மாத்தறதுக்கு நீங்ககூடக் கையைத் தூக்கினீங்களே, அதுலேருந்து எங்களுக்கு ஓட்டு அக்கரையில, பக்கத்துத் தொகுதியில. பாலமில்லாம எப்படிப் போய்ப் போடப்போறோமோன்னுதான் ஊரே கவலைப்பட்டுக்கிட்டு இருந்துச்சு."