ஒரு சிட்டிகை மணல்

லாரியின் பின்கதவு திறந்ததும் நாக்கு முதலாளி ஒரு சிட்டிகை ஆற்று மணலை எடுத்து வாயில் போட்டார்.

புதுக் கட்டடத்து வேலையாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். லோடு இறங்குவதும் திரும்பிப் போவதும் அந்த நாக்கின் தீர்ப்பு.

உப்பு, கம்பிக்கு எமன். உப்பு மணலில் எழுந்த கட்டடம் பார்வைக்கு மாப்பிள்ளை, உள்ளுக்குள் நோயாளி. பரிசோதனைச் சீட்டை விலைக்கு வாங்கலாம், முதலாளியின் நாக்கை வாங்க முடியாது என்று ஊரெல்லாம் பேச்சு. அவரே கிளப்பிவிட்ட பேச்சுதான்.

பேத்தி பிறந்து இருபது நாள். அன்றிலிருந்து முதலாளிக்கு இருப்பு பக்கத்துக் கட்டடத்தில், ஒன்பதாம் மாடியில், மகள் வீட்டில். அந்தக் கட்டடம் அடி முதல் நுனி வரை அவர் மணல். கட்டியவனைப் பேசிப் பேசியே கரைத்து, கடைசி லோடுகளின் பணத்துக்குப் பதிலாக அந்த வீட்டையே மகளுக்கு வாங்கிவிட்டார்.

ஒரே குறை, அங்கே குடிக்கும் கேன் தண்ணீர். வந்த புதிதில் சப்பென்று இருந்தது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலாவது அனுப்பு என்று மனைவியிடம் கெஞ்சி, இன்றுதான் லாரியில் வந்து சேர்ந்தது.

முதலாளி துப்பினார். இன்னொரு சிட்டிகை போட்டார். அதையும் துப்பினார்.

"உப்புக் கரிக்குதேடா. எங்க அள்ளின?"

"நம்ம துறைலதான் முதலாளி. தோண்டின தோண்டுல கடல் மீனே அங்க விருந்துக்கு வருது, காலைல ரெண்டு புடிச்சேன்." டிரைவர் தானும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தான். "உப்பா? எப்பவும் போலத்தானே இருக்கு. தாத்தா ஆனதும் நாக்கு குழந்தையாயிடுச்சு போல."

இருக்கலாம் என்று முதலாளி பாட்டிலைத் திறந்து வாய் கொப்பளித்தார்.

மணலே தேவலாம். கடல் ஒரு வாய் உள்ளே வந்தது போல் இருந்தது.

டிரைவருக்கும் அதே தெரு, அதே கிணறு. பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்து, "அடடா, நம்ம தண்ணி நம்ம தண்ணிதான்" என்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

போன வருஷம் ஊருக்கு வந்த மகள், டீ உப்புக் கரிக்கிறது என்று வைத்துவிட்டாள். மாடிக்குப் போனதும் நாக்கும் மாடி ஏறிவிட்டதா என்று கேலி செய்தவர் இவர்.

எத்தனை வருஷமாக இந்த நாக்குக்கு உப்பு தெரியவில்லை? எத்தனை லோடு?

கைபேசி அடித்தது. நிமிர்ந்தால், ஒன்பதாம் மாடி பால்கனியில் மகள், தோளில் குழந்தை.

"அப்பா, ஹால் தூண்ல காவிக் கோடு ஒண்ணு காமிச்சேனே, இப்ப நல்லா பொளந்திருக்கு. ஓரத்துல வெள்ளையா வேற என்னமோ பூத்திருக்கு, சர்க்கரையாட்டம்." சிரித்தாள். "வந்து உங்க நாக்குல வெச்சுப் பாருங்களேன்."

"எதையும் எடுக்காதம்மா. குழந்தைய மட்டும் தூக்கிக்கிட்டு இறங்கு."

"லோடை இறக்கலாமா முதலாளி?" என்றார் மேஸ்திரி.

மகளுக்கு மேலேயும் கீழேயும், இருபது மாடியிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது.