கரிபாப் எப்படி இருந்துச்சு?

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா வாசு அண்ணே?"

ரமணி தன் அறையில் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாசு, பினாங்கின் பாயான் பாருவில் உள்ள அந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் துப்புரவு வேலை பார்ப்பவர். ரமணி அங்கே மனிதவளப் பிரிவு மேலாளர். வெள்ளிக்கிழமை மாலைத் தேநீருக்கு, சொந்தத் தொழில் செய்யும் மாற்றுத்திறனாளி இளைஞர்களிடம்தான் பலகாரம் வாங்க வேண்டும் என்று மூன்று மாதம் முன்பு ஏற்பாடு செய்தவள் அவள்தான். கம்பெனியின் முகநூல் பக்கத்தில் அதற்கு ஏகப்பட்ட பாராட்டு.

பலகாரம் கொண்டு வருபவள் நஸீஹா. வயது இருபத்து மூன்று. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வீடு. பிறவியிலேயே கைகள் நடுங்கும், பேச்சு குழறும். ஆனாலும் வாராவாரம், சமோசா போல உள்ளே உருளைக்கிழங்கு வைத்த நூற்றைம்பது கரிபாப்பைத் தன் கையாலேயே மடித்துப் பொரித்துக் கொண்டு வருவாள். தட்டுகளின் ஓரத்தில் தன் நம்பரையும் ஒட்டியிருப்பாள், எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்லி.

அந்த நம்பருக்கு ஒரே ஒருவர்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"யார் நம்பர் இதுன்னு கேட்டு அந்தப் பொண்ணு எனக்கு அனுப்பியிருக்கு. கேளுங்க நீங்க எழுதினதை. 'கிழங்கு வேகலை.' அடுத்த வாரம், 'எண்ணெய் பழசு, மாத்துங்க.' அப்புறம், 'உப்பு தூக்கல்.' போன வாரம், 'ஓரம் பிரியுது, நல்லா அழுத்தி மடிங்க.' அந்தப் பொண்ணு கையைப் பார்த்திருக்கீங்கதானே? அந்தக் கையை வச்சுக்கிட்டு மடிக்கிறதே பெரிய விஷயம். இதுல அழுத்தி வேற மடிக்கணுமா?"

ரமணி கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

"ஓசியில சாப்பிட்டுட்டு நொட்டை வேற! இத்தனை பேர்ல ஒருத்தர்கூட குறை சொல்லலை. உங்களுக்கு மட்டும் என்னவாம்?"

கதவு தட்டும் சத்தம். காலித் தட்டுகளை எடுத்துப் போக நஸீஹா வந்திருந்தாள்.

"வாம்மா. இவர்தான் அந்த மெசேஜ் எல்லாம் போட்டவர். அண்ணே, மன்னிப்புக் கேளுங்க."

"மன்னிச்சிரும்மா," என்றார் வாசு. "தப்பா நினைக்காதே."

"பரவால்லண்ணே." ஒவ்வொரு சொல்லும் இடறி இடறித்தான் வந்தது. "நீங்க சொன்னப்புறம்தான் எண்ணெய மாத்தினேன். இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

வாசு பதில் சொல்வதற்குள் ரமணி முந்திக்கொண்டாள்.

"சூப்பர்லா! ஒண்ணுகூட மிச்சமில்லை. எல்லாருக்கும் அவ்வளவு பிடிச்சிருக்கு."

"அப்ப பயமில்லக்கா." நஸீஹா சிரித்தாள். "ஜார்ஜ் டவுன்ல ஒரு சின்னக் கடை பார்த்திருக்கேன். நாளைக்குக் காலையில கையெழுத்து. டேட்டா என்ட்ரி வேலையக்கூட விட்டுட்டேன். உங்க ஆபீஸ்ல வாராவாரம் நூத்தம்பதும் காலியாகுதுன்னா, கடையிலயும் போகும்தானே?"

"கண்டிப்பா!"

"இப்ப வேணாம்மா," என்றார் வாசு திடீரென்று. "ஒரு ரெண்டு மாசம் பொறுத்துப் பாரேன். அந்த ஓரம் மட்டும்..."

"போதும் அண்ணே!"

நஸீஹா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரமணிக்குக் கோபம் தாங்கவில்லை.

"ஒரு பொண்ணு சொந்தமா நிக்கப் போகுது. அதைப் பார்த்து உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்? நான் ஒரு ரிப்போர்ட் எழுதினா உங்க வேலை போயிரும், தெரியுமா?"

"எழுதுங்க மேடம். அதுக்கு முன்னால கொஞ்சம் வந்து பாருங்க."

பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே, அள்ளிப் போகத் தயாராக ஒரு கறுப்புக் குப்பைப் பை இருந்தது. வாசு முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே முழுக்கக் கரிபாப். சில டிஷ்யூவில் சுற்றியிருந்தன. சில காபிக் கோப்பைக்குள் திணிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு கடிகூட இல்லை.

"என்ன இது?"

"இன்னிக்கு உள்ளது மேடம். வாராவாரம் இப்படித்தான். எடுப்பாங்க. கையில வச்சு போட்டோ புடிப்பாங்க. அப்புறம் குப்பையில. கை நடுங்குற பொண்ணு செஞ்சது, எச்சி பட்டிருக்குமோ என்னமோன்னு என் காதுபடவே பேசிக்குவாங்க. நான் மட்டும்தான் சாப்பிடுறேன். சாப்பிட்டாத்தானே குறை தெரியும்?"

"இதை ஏன் அவகிட்ட சொல்லலை?"

"எப்படி மேடம் சொல்றது? அது மூஞ்சியைப் பார்த்து, யாரும் திங்கலைன்னா? அதான், செய்யறதையாவது குறையில்லாம செய்யட்டும்னு எழுதினேன். பாதி சரியாயிருச்சு. ஓரம்தான் பாக்கி. ஆனா நூத்தம்பதும் காலியாகுதுன்னு நம்பி கடை எடுக்கும்னு நான் நினைக்கலை."

ரமணியின் கண்கள் கலங்கிவிட்டன.

"சே, என்ன மனுஷங்க இவங்க! திங்கக்கிழமை எல்லாருக்கும் ஈமெயில் போட்டு நல்லா கேக்கிறேன். யார் யாருன்னு பேரைச் சொல்லுங்க."

"பேர் எதுக்கு மேடம். விடுங்க."

"விட மாட்டேன். ஒரு பேராவது சொல்லுங்க."

பையைக் கட்டப் போன வாசு நிறுத்தினார். மேலாகக் கிடந்த இரண்டு கரிபாப்பைக் கையில் எடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"இது ரெண்டும் உங்க ரூம் கூடையில இருந்தது மேடம்."