வேலைக்கு ஏத்த குணம்

"வெள்ளனே எந்திரிப்பியா தமிழ்மதி?" என்று கேட்டார் வசந்தாமணி மேடம். கல்லூரியில் மாணவிகளுக்கு வேலைக்கு வழிகாட்டுவது அவர்தான்.

"எந்திரிப்பேன் மேடம்."

"நாலு பேர் ஏசினா?"

"பொறுத்துக்குவேன்."

"வேலைக்குப் போனா இந்தக் குணம்தான் வேணும். ஆனா சென்னை உனக்கு ஒத்துவராதும்மா. இங்கே நம்ம மலையிலேயே வேலை பாரு."

மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, கைக்கு வந்த சென்னை வேலையை அன்றே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள் தமிழ்மதி.

ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு வந்து நிமிர்ந்தவள் திகைத்துப்போனாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வசந்தாமணி மேடம்!

"சென்னையில வேலை கெடச்சிருக்குன்னீங்களேம்மா?" என்று மாப்பிள்ளை அவர் காதைக் கடித்தான்.

"அதை அன்னைக்கே விட வச்சுட்டேன்டா."

"பொண்ணுகிட்ட எதுவும் கேக்கணுமாங்க?" என்றார் தமிழ்மதியின் அப்பா.

"காலேஜ்லயே எல்லாம் கேட்டுட்டேங்க" என்று காபியை எடுத்துக்கொண்டார் மேடம்.