மூலை மெஷின்

"அவ என்ன தப்பு செஞ்சான்னு கொண்டு போய் மூலையில உட்கார வச்சிருக்கீங்க மேடம்?"

காஜா அக்கா கேட்ட கேள்வியில் தையல் கூடத்தின் பாதி மெஷின்கள் நின்றுவிட்டன. சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. அடுத்தவர் வழக்கைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வது அவள் சுபாவம்.

சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் லைன். யாரை எங்க உட்கார வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீ காஜாவைப் பாரு."

மூலையில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால், 'புதுசு' குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் அவளுக்கு அந்தப் பெயர் போகவில்லை.

காஜா அக்காவுக்கு வேலை ஓடவில்லை. நூல் அறுந்தது. கோத்தாள். மறுபடி அறுந்தது. கண் அந்த மூலைக்கே போய்ப் போய் வந்தது.

பதினோரு மணிக்குச் சூப்பர்வைசர் போய் மேஜையைத் தட்டினாள். புதுசு எழுந்து வெளியே போய், பத்து நிமிடம் வாசலில் அங்கும் இங்கும் நடந்துவிட்டு வந்தாள். மூன்று மணிக்கும் அதே கூத்து.

"வெளிய நிக்க வைக்க அவ என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" பக்கத்து ஓவர்லாக் மெஷின்காரியிடம் பொருமினாள் காஜா அக்கா. "கேட்க நாதியில்லாத பொண்ணுன்னு இளக்காரம்!"

"உனக்கு எதுக்குக்கா வம்பு? அவளே பேசாமதானே இருக்கா?"

"அதான்டி எனக்கு வயிறு எரியுது. அவ வாயில்லாப் பூச்சி. நாமதான் கேட்கணும்."

வீட்டுக்குப் போயும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசர் மேல் புகார் மனு தயாராகிவிட்டது. மெஷின் மெஷினாகப் போய்ப் பதினேழு கையெழுத்து வாங்கினாள். மானேஜர் அறைக்கும் அவளேதான் கொண்டு போனாள்.

மானேஜர் படித்துவிட்டுச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"இதுல எழுதியிருக்கறது உண்மையாம்மா?"

"உண்மைதான் சார்."

"ஏன் அப்படிச் செய்யறே?"

"காரணம் இருக்கு சார். சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா எப்படி? நாளையிலிருந்து வேற ஆள் லைனைப் பார்க்கட்டும். நீ பழையபடி மெஷின்ல உட்காரு."

சூப்பர்வைசரின் முகம் வெளுத்துப்போனது. "சரி சார்" என்றாள்.

அப்போது கதவு திறந்தது. புதுசு.

"உன்னை யாரு கூப்பிட்டா? போய் வேலையைப் பாரு!" சூப்பர்வைசர் சீறினாள்.

"பார்த்தீங்களா சார், உங்க முன்னாடியே எப்படி விரட்டறாங்க!" என்றாள் காஜா அக்கா.

புதுசு போகவில்லை. விரல்களைப் பிசைந்தபடி நின்றாள்.

"எனக்கு மனநோய் சார். ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

காஜா அக்காவின் நாற்காலி தானாக ஒரு சாண் நகர்ந்தது.

"எல்லா மெஷினும் சேர்ந்து ஓடினா, அந்தச் சத்தத்துக்குள்ள யாரோ என்னைத் திட்டற மாதிரியே கேட்கும் சார். மூலையில அவ்வளவா கேட்காது. நடுவுல கொஞ்சம் நடந்துட்டு வந்தா படபடப்பு அடங்கிடும். நான் கேட்டுத்தான் மேடம் செஞ்சாங்க. 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். இதுக்கு முன்னாடி நாலு இடத்துல வேலை போயிடுச்சு. இங்கதான் எட்டு மாசம் நிலைச்சிருக்கேன். என்னால அவங்க வேலைக்கு ஆபத்து வர வேணாம் சார்."

மானேஜர் மனுவை மெல்ல மடித்தார்.

காஜா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடிப்பாவி! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறோம்?"

புதுசு அவளை நேராகப் பார்த்தாள்.

"சொல்லலாம்னுதான்க்கா இருந்தேன். ஆனா நான் சேர்ந்த அன்னிக்கு, சாப்பிடறப்போ நீங்கதானே சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க... 'இஸ்திரி போட ஒரு பைத்தியத்தைச் சேர்த்தாங்க, நான்தான் மனு எழுதி, முதல் கையெழுத்தைப் போட்டு, ஒரே வாரத்துல விரட்டினேன்'னு!"