உப்புப் பார்க்க ஒருத்தி

பந்தல்குடி பெண்கள் மதரசாவின் முற்றத்தில் அந்தி வெயில் கஞ்சி அண்டாவின் விளிம்பில் மினுங்குகிறது. நோன்பு திறக்க இன்னும் கால்மணி நேரம்தான். மாதவிலக்கால் மூன்று நாளாக நோன்பு பிடிக்காத ருக்கையா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகப் பேரீச்சம்பழம் அடுக்குகிறாள். அகப்பையோடு நிற்கும் மீரான் பீவி திடீரென்று தலையில் கைவைக்கிறாள். "ஏ புள்ளைகளா, உப்புப் போட்டேனா? நெனப்பே இல்லையே! எல்லாரும் நோன்பு, யாரு ருசி பாக்குறது?" முப்பது முக்காடுகளும் திருதிருவென்று விழிக்கின்றன. ருக்கையா தயங்கி எழுந்துவந்து உள்ளங்கையை நீட்டுகிறாள். சுடச்சுட ஒரு வாய். வெந்தயம் மணக்கிறது. "உப்பே இல்ல," என்கிறாள். மீரான் பீவி அவளை அப்படியே கட்டிக்கொள்கிறாள். "அல்ஹம்துலில்லாஹ்! நல்லவேள, ஒனக்கு நோன்பு இல்ல!" முற்றமே சிரிக்கிறது. ருக்கையாவும் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் சிரித்தபடி உப்பை அள்ளுகிறாள்.